மூப்பும் தளர்ச்சியும்: முதியோர் செவிலியத்தின் வரலாற்றில் ஒரு கூறு

மூப்பு வேறு; தளர்ச்சி வேறு. எனினும் இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் வழக்கு நெடுங்காலம் நிலவியது. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் இளிவரல் தோன்றும் நிலைக்களன்களைக் கூறுமிடத்து மூப்பையும் பிணியையும் தனித்தனியே எண்ணினார். இவ்விரண்டோடும் தொடர்புடையதாயினும் இரண்டுமாகாது, உடல் தன் வலிமையை இழந்து சிறு நோய்க்கும் ஆற்றாது சாயும் நிலையையே இன்றைய மருத்துவம் தளர்ச்சி எனப் பிரித்துணர்கின்றது. அதனைப் பெரிதும் தடுத்தல் கூடும் என்னும் உண்மை எவ்வாறு தெளிவுற்றது என்பதை ஈண்டு ஆராய்வோம். இதற்கு இங்கிலாந்தின் வரலாறு சிறந்த சான்றாகும்.

அந்நாட்டில் வறியோர் சட்டத்தின்கீழ் எழுந்த நோயகங்களில் முதியோர் பலர் ஆண்டுக்கணக்கில் படுக்கையிலேயே கிடந்தனர். 1935இல் ஐசில்வொர்த்தில் உள்ள மேற்கு மிடில்செக்சு மருத்துவமனை, அத்தகைய நோயகம் ஒன்றைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. அங்கிருந்த 714 பேரின் பொறுப்பு மார்சரி வாரன் என்னும் மருத்துவ அம்மையாரிடம் வந்தது. அவர் ஒவ்வொருவரையும் ஆய்ந்து வகைப்படுத்தினார், நோய்க்கு மருந்தளித்தார், எழவும் நிற்கவும் நடக்கவும் பயிற்சி பெறச் செய்தார். பலர் வீடு திரும்பினர். படுக்கைகள் 240ஆகக் குறைந்தன. இம்முறையை 1943இலும் 1946இலும் கட்டுரைகளாக வெளியிட்டார். 1947இல் ரிச்சர்டு ஆசர் என்னும் மருத்துவர், படுக்கையில் கிடத்தலால் தசை, மூட்டு, தோல் முதலியன அடையும் கேடுகளை வரிசைப்படுத்திக் காட்டினார். முதுமையின் விளைவெனக் கருதப்பட்டவற்றுள் ஒரு பகுதி படுக்கையின் விளைவே என்பது இவற்றால் பெறப்படும்.

இவ்வரலாற்றில் வாரனின் பெயர் நிலைத்தது. அவருடன் பணியாற்றிய செவிலியர் பெயர்கள் பரவலாக அறியப்படவில்லை. ஆயின், மருத்துவர் வகுத்த முறையை இரவும் பகலும் நடைமுறையில் நிறுத்தியோர் செவிலியரே. முதியவரை நாற்காலியில் அமர்த்துதல், உணவைத் தாமே உண்ணச் செய்தல், கழிப்பறைக்கு நடத்திச் செல்லுதல் ஆகியன சிறுசெயல்களாகத் தோன்றும். தளர்ச்சியைத் தடுப்பன இவையே. இப்பணியை ஆய்வுக்குரிய பொருளாக்கியவர் டோரின் நார்ட்டன் என்னும் செவிலியர். 1962இல் அவரும் துணைவரும் வெளியிட்ட ஆய்வு, படுக்கைப்புண் தோன்றக்கூடியவரை முன்னரே அறிய ஓர் அளவுகோலைத் தந்தது. உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், அசைவாற்றல், கழிவடக்கம் என்னும் ஐந்தையும் அஃது அளந்தது. கேடு நேர்ந்தபின் ஆற்றுதலினின்று, நேருமுன் காத்தலுக்குச் செவிலியம் நகர்ந்தமைக்கு இது சான்று.

பிற்கால ஆய்வுகள் இக்கருத்தை வலியுறுத்தின. 1994இல் அமெரிக்காவில் மரியா பியாதரோனும் குழுவினரும், முதியோர் காப்பகத்தில் வாழ்ந்த 100 பேரிடம் நிகழ்த்திய ஆய்வை வெளியிட்டனர். அவர்தம் சராசரி அகவை 87. பத்து வாரங்கள் எடைப்பயிற்சி பெற்றோரின் தசைவலிமை இருமடங்கிற்கு மேற்பட்டது. 2001இல் லிண்டா பிரைடும் குழுவினரும் தளர்ச்சிக்கு ஐந்து அடையாளங்களை வகுத்தனர்: தானே எடை குறைதல், சோர்வு, பிடிவலிமை குன்றல், நடை மெதுவாதல், இயக்கம் குறைதல். இவற்றுள் மூன்றேனும் இருப்பின் தளர்ச்சி. ஒன்றோ இரண்டோ இருப்பின் அதன் முன்னிலை. இம்முன்னிலையே செவிலியர் விழிப்புடன் நோக்க வேண்டிய காலமாகும்.

எல்லாத் தளர்ச்சியும் படுக்கையால் வருவதன்று. தீராப் பிணியும் வறுமையும் ஊட்டக்குறைவும் அதனை வளர்க்கும். ஆதலின் எழுந்து நடக்க இயலாதாரை முயற்சியில்லாதார் எனப் பழித்தல் அறமன்று. எனினும், முதியவர் தாமே செய்யவல்லதைப் பரிவின் பெயரால் நாம் செய்துவிடுதலும் அவர்தம் வலிமையைப் பறிப்பதாகும். அகப்பாடல்களில் செவிலி தலைவியை வளர்க்கும் தாயாவாள். அவ்வளர்ப்பின் பயன் தலைவி தன் வாழ்வைத் தானே நடத்துவதன்றோ! அப்பெயரை மருத்துவப் பணிக்கு நாம் வழங்குதல் பொருந்துவதே. ஏந்திப் பிடித்தலேயன்றி, உரிய பொழுதில் கையைத் தளர்த்தி உடன் நிற்றலும் செவிலியத்தின் கடனாகும்.