யாழ்ப்பாணக் கரையோரத் துறைமுக ஊர்கள்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வட கரை பழைய துறைமுகங்களின் வரிசை. கிழக்கு ஓரத்தில் பருத்தித்துறை. 1916இல் எழுப்பப்பட்ட 32 மீற்றர் உயரக் கலங்கரை விளக்கம் அங்கே நிற்கிறது.

அதற்கு மேற்கேயுள்ள வல்வெட்டித்துறை வெறும் மீன்பிடி ஊராக இருக்கவில்லை. இவ்வூரார் தங்கள் கரையிலேயே பாய்க்கப்பல் கட்டி, இந்தியாவுக்கும் பர்மாவுக்கும் சரக்கேற்றி ஓடினார்கள். அவற்றுள் புகழ்பெற்றது அன்னபூரணி. 1930இல் வேப்பமரத்தால் கட்டப்பட்ட, 89 அடி நீளமான இரட்டைப் பாய்மரக் கப்பல் அது. வில்லியம் ஆல்பர்ட் ரொபின்சன் என்ற அமெரிக்கர் அதை விலைக்கு வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகளே அதைச் செலுத்தி, சூயஸ் கால்வாய் வழியாகச் சென்று அத்திலாந்திக்கைக் கடந்து, 1938 ஓகஸ்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குளொஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். ஈழத்துக் கடலோடிகளின் வரலாற்றில் இதற்கு ஈடான பயணம் அரிது; பாடநூல்களில் இன்னும் விரிவான இடம் பெறவேண்டியது.

மாதகலை அடுத்த சம்பில்துறையே மகாவம்சம் கூறும் சம்புகோளம் எனக் கருதப்படுகிறது. சங்கமித்தை வெள்ளரசுக் கிளையுடன் வந்திறங்கியது அங்குதான் என்பது மரபு.

காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே, நீர் நடுவே உள்ளது கடற்கோட்டை. போர்த்துக்கேயர் கட்டிய அதை 1658இல் ஒல்லாந்தர் முற்றுகையிட்டார்கள். சுற்றிலும் உப்புநீர், உள்ளே குடிநீர் தீர்ந்ததும் காவற்படை பணிந்தது. பிற்காலத்தில் சிறைச்சாலையாக இருந்த அக்கோட்டை இன்று கடற்படையின் பொறுப்பில் உள்ளது.