வீட்டுரிமைப் பாகுபாடு (இலங்கை, கிழக்கு மாகாணம்)

வீடு வாங்கும்போதும் வாடகைக்கு எடுக்கும்போதும் அரசிடமிருந்து பெறும்போதும் இனம், மதம், பால் முதலியவற்றால் காட்டப்படும் வேறுபாடு. இலங்கையில் இதற்கெனத் தனிச்சட்டம் இல்லை. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரையே ஆதாரம். அதன் மூன்றாம் பந்தி கடை, உணவகம், ஹோட்டல், பொதுக் களியாட்ட இடம், தன் மதத்தின் வழிபாட்டிடம் என்று பெயர் சொல்லிக் காக்கிறது. வாடகை வீடு அந்த வரிசையில் இல்லை.

1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் அரசகாணி வாரிசுரிமையில் மகளுக்கு முன் மகனை வைத்தது. அரசகாணி வழங்கப்பட்ட கந்தளாய், அல்லைக் குடியேற்றங்கள் காணியற்றோருக்கானவை என்பது அரச தரப்பு. திருகோணமலையின் இன விகிதத்தை மாற்றவே என்பது தமிழ், முஸ்லிம் அரசியல் தரப்பு.

2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி திருகோணமலை மாவட்டத்தின் கிண்ணியாக் கரையை அழித்தது, ஆஸ்பத்திரியும் தப்பவில்லை. கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டத் தடை வந்தது. தெற்கில் அது 100 மீற்றர்தான். இந்த வேறுபாடு பாரபட்சமா, நில அமைப்பா என்பதில் கருத்தொற்றுமை இல்லை. 2005 இறுதியில் தடை தளர்ந்தது. அதிகம் பேசப்படாத இழப்பு காணி உறுதியில் நேர்ந்தது. கிழக்குக் கரையோரத் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் வீடு பெண்ணுக்குச் சீதனம். மாப்பிள்ளைதான் அங்கே வந்து குடியேறுவார். மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு அதே வளவில் சின்னதாய் ஒரு கொட்டில் போட்டு ஒதுங்கும் தாய்தகப்பனும் உண்டு. நிவாரணப் படிவமோ ‘குடும்பத் தலைவர்’ யார் என்று கேட்டது. அந்தக் கட்டத்தில் கணவன் பெயர் விழ, தாய்வழி வந்த வளவுக்குப் பதிலாகக் கிடைத்த புதுவீடு பல இடங்களில் ஆண் பெயருக்குப் போயிற்று. கூட்டுரிமை கேட்டுப் பெண்கள் அமைப்புகள் குரல் கொடுத்தன.

கிழக்குக்கு வெளியே, 2007 ஜூனில் கொழும்பு லொட்ஜுகளிலிருந்து தமிழர்களைப் பொலிஸார் பஸ் ஏற்றி வெளியேற்றினர். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையத்தின் மனுவின் பேரில் மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

அம்பாறை மாவட்டத்தின் நுரைச்சோலையில் சவூதி நிதியில் எழுந்த 500 வீடுகள் சுனாமியில் பாதிக்கப்பட்ட அக்கரைப்பற்று முஸ்லிம்களுக்கெனத் திட்டமிடப்பட்டவை. ஒரே சமூகத்துக்கு ஒதுக்கலாகாது என்ற வழக்கில் 2009இல் உயர் நீதிமன்றம் எல்லா இனத்தாருக்கும் பகிரச் சொன்னது. சமத்துவம் நிலைநாட்டப்பட்டதென்பர் ஒரு சாரார்; பாதிக்கப்பட்டவரின் பங்கு பறிபோனதென்பர் மறுசாரார். வீடுகளோ ஆளின்றிப் பல்லாண்டு காடு மண்டிக் கிடந்தன.

அரசின் செயலுக்கு எதிராக ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் செல்லலாம். 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி மனித உரிமைகள் ஆணைக்குழுவிலும் முறையிடலாம். ‘எங்கட ஆக்களுக்கு மட்டும்’ என்று சொல்லும் தனியார் வீட்டுக்காரரை இவ்விரு வழிகளும் பெரும்பாலும் தொடுவதில்லை.

1935ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்துக்கான 2022 திருத்தம் அரசகாணி வாரிசு வரிசையில் ஆண்முன்னுரிமையை நீக்கியது.