கத்திக்கும் கணக்குண்டு

கல்முனைக் கரையிலிருந்து கடலுக்குப் போகும் தொழிலாளியும், மருதமுனைத் தறியில் அமரும் நெசவாளியும் சத்திரசிகிச்சை மேசையில் படுக்கும்போது தம் உயிரையே பிறர் கையில் ஒப்படைக்கின்றனர். மயக்கத்தில் கிடப்பவர் அங்கு நடப்பதற்குச் சாட்சியாக இயலாது. அவருக்காகச் சாட்சி சொல்வது பதிவேடு ஒன்றே. அவ்வேட்டுக்கும் ஒரு சரித்திரம் உண்டு.

1890களின் நடுவில் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் ஹார்வி குஷிங், ஏர்னஸ்ட் கொட்மன் என்னும் இரு மருத்துவ மாணவர்கள் நோயாளருக்கு ஈதர் கொடுத்து மயக்கும் பணியில் இருந்தனர். குஷிங் மயக்கிய நோயாளி ஒருவர் மேசையிலேயே மாண்டார். அதன் பின் இருவரும் சிகிச்சை நடக்கும்போதே நாடியையும் மூச்சையும் தாளில் குறித்துவரத் தொடங்கினர்.

கொட்மன் அத்துடன் அமையவில்லை. நோயாளர் குணமடைந்தனரா, இல்லையெனில் ஏன் என்பதை வைத்தியசாலைகள் வெளியிட வேண்டும் என்று வாதாடினார். 1911 முதல் 1916 வரை தமது சிறு வைத்தியசாலையில் சிகிச்சை பெற்ற 337 பேரின் கணக்கை எழுதி, 123 பிழைகளைத் தாமே அச்சேற்றினார். பெரிய மருத்துவர்களின் பகையே அவருக்குக் கிடைத்த பரிசு.

அவர் விதைத்தது நம் மொழி வழங்கும் மண்ணிலும் விளைந்தது. டாக்டர் வெங்கடசாமி 1976இல் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் கிளைகள், 2011 முதல் 2015 வரை செய்யப்பட்ட ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட கண்புரைச் சிகிச்சைகளின் பதிவுகளை ஆராய்ந்தன. சிகிச்சை முடிவில் கண்ணுக்குள் கிருமிகொல்லி மருந்து செலுத்தப்படாதோரில் பத்தாயிரத்துக்கு 7 பேருக்குக் கடுந்தொற்று. செலுத்தப்பட்டோரில் 2 பேருக்கே. இலட்சம் பேருக்கு ஐம்பது கண்கள்! ஏடு இல்லாதிருந்தால் இந்த உண்மையை யார் கண்டிருப்பார்?

கனடாவின் டொரொன்டோவில் தியோடர் கிரான்ட்சரொவ் உருவாக்கிய ‘கறுப்புப் பெட்டி’, சத்திரசிகிச்சைக்கூடத்தின் காட்சியையும் குரலையும் ஒருங்கே பதிகிறது. ஆயினும் பெட்டியை விட அதைத் திறப்போரின் நோக்கமே முக்கியம். தண்டிக்கவே பதிவு என்றால் தாதியும் மருத்துவரும் உண்மையை மறைப்பர். கற்கவே பதிவு என்றால் அடுத்த நோயாளி பிழைப்பார். நம் இலங்கை, பிரசவத்தில் நேரும் ஒவ்வொரு தாயின் மரணத்தையும் விசாரித்துக் காரணம் தேடும் முறையை முன்னரே கைக்கொண்ட நாடு. அதே நெறி கத்திக்கும் வேண்டும்.

இழை அறுந்த இடத்தை மறைத்து நெய்பவன் நல்ல நெசவாளி அல்லன். அறுந்ததைக் கண்டு முடிச்சிட்டு, ஏன் அறுந்தது என்றும் பார்ப்பவனே தொழில் அறிந்தவன். ஏழையின் உடலில் நடக்கும் வேலைக்கு அதற்குக் குறைந்த நேர்மை போதுமா? கணக்கு எழுதப்பட வேண்டும். அதன் பொருள் நோயாளிக்கு அவரது தாய்மொழியிலேயே சொல்லப்பட வேண்டும். இது சலுகையன்று, மக்களின் உரிமை.