பட்டமா, கைத்தொழிலா? கிந்தா சொல்லும் பாடம்

எஸ்.பி.எம். முடித்த பிள்ளையைப் பட்டப்படிப்புக்கு அனுப்புவதா, கைத்தொழிலில் சேர்ப்பதா? லகாட்டிலும் ஈப்போவிலும் பெற்றோரைக் குழப்பும் கேள்வி இது. விடை தேட நம் வரலாற்றைச் சற்றே புரட்டுவோம்.

வெள்ளைக்காரர் காலத்தில் ஆங்கிலப் பள்ளியில் படித்து சீனியர் கேம்பிரிட்ஜ் தேறியவர் கிராணி ஆனார். ரயில்வேயிலும் அரசாங்க அலுவலகத்திலும் எழுத்தர் ஆனார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பலர் அப்படித்தான் முன்னேறினர். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியோ தொடக்கக் கல்வியோடு நின்றது. அதன்பின் பால்மரந்தான்.

பால்மரம் வெட்டுவது சாதாரண வேலையா? விடியுமுன் எழுந்து, கட்டையில் காயம் படாமல் பட்டையை மட்டும் மெல்லிசாகச் சீவ வேண்டும். கத்தி ஆழமாக இறங்கினால் மரம் கெட்டுவிடும். தேர்ந்த கைத்திறன் அது! ஆனால், அதற்குச் சான்றிதழ் இல்லை. குடியிருந்த லயத்து வீடும் தோட்டத்துக்கே சொந்தம்.

1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது; கூலிக்காகப் பேரம் பேச முடிந்தது. தோட்டத் துண்டாடலைக் கண்டு, 1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். ஆனாலும் ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது ஆள்தேவை குறைந்தது. பல தோட்டங்கள் வீடமைப்புக்கு விற்கப்பட்டன. வேலையோடு வீடும் போனது. 1985இல் ஈயத்தின் விலை சரிந்ததும் கிந்தாவின் ஈய லம்பங்களும் மூடப்பட்டன. திறமை இருந்தது, அதை வேறிடத்தில் காட்ட ஒரு தாள் இல்லை.

இன்று நிலை வேறு. நாட்டின் முதல் பொலிடெக்னிக்கான உங்கு ஓமார், 1969இல் நம் ஈப்போவில்தான் தொடங்கியது. 2006ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ், எஸ்.கே.எம். சான்றிதழில் தொடங்கி டிப்ளோமா வரை போகலாம். பல ஆண்டு அனுபவம் உள்ளவர் அதைக் காட்டியே சான்றிதழ் பெறவும் வழியுண்டு. எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் பெற்ற மின்கம்பியாளர், ஒரு முதலாளி கடையை மூடினாலும் இன்னொருவரிடம் போகலாம்.

மருத்துவர், வழக்கறிஞர், பொறியாளர் ஆவதற்குப் பட்டம் கட்டாயம், சட்டமே கேட்கிறது. அதில் ஆர்வமுள்ள பிள்ளையைத் தடுக்காதீர்கள். ஆனால், ஏதோ ஒரு பட்டம் என்று கடன் வாங்கிப் படிப்பது பாதுகாப்பு ஆகாது.

பெற்றோர்களே, பிள்ளையைச் சேர்க்குமுன் இரண்டு கேள்விகள் கேளுங்கள். இந்தச் சான்றிதழை யார் அங்கீகரிக்கிறார்கள்? ஒரு முதலாளியை விட்டு வெளியேறினாலும் இது செல்லுமா? நம் பாட்டிமார் கைத்திறனுக்குக் கிடைக்காத அந்தத் தாள், நம் பிள்ளைகளின் கைக்குக் கிடைக்க வேண்டும்.