இன்பில்ட் கிராஃபிக்ஸ்: ஒரு கடன் கதை

4318, 592. பத்தாம் வகுப்புச் சூத்திரங்கள் எல்லாம் மறந்துபோய்விட்டன. இந்த இரண்டு எண்கள் மட்டும் இன்னும் மனப்பாடமாக இருக்கின்றன. முதலாவது என்விடியா நிறுவனத்தின் அடையாள எண். இரண்டாவது அவர்களுடைய ஜிஃபோர்ஸ் 4 டிஐ 4600 கிராஃபிக்ஸ் கார்டுக்கானது. அந்தக் கார்டை நான் கண்ணால் பார்த்ததேயில்லை. 3டி அனலைஸ் என்று ஒரு குட்டி மென்பொருள் இருந்தது. அதில் இந்த எண்களைத் தட்டி, ‘ஹார்டுவேர் டி அண்டு எல்’ என்ற வரிக்கு எதிரே ஒரு டிக் போட்டுவிட்டால் போதும். ‘உன் கணினியில் என்னால் ஓட முடியாது’ என்று அடம்பிடித்த விளையாட்டு, சரி, பெரிய கார்டுதான் போலிருக்கிறது என்று நம்பித் திறந்துகொள்ளும். விளையாட்டிடமே பொய் சொல்கிற வேலை. நான் அப்படித் திறந்த முதல் விளையாட்டு ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: தி சாண்ட்ஸ் ஆஃப் டைம்’. இளவரசன் ஓடினான், ஆனால் ஸ்லைடு ஷோ மாதிரி ஓடினான்.

அந்தக் கணினியை வாங்கும்போது கடையில் கேட்டிருந்தேன். “கிராஃபிக்ஸ் கார்டு இருக்காண்ணே?” “இப்பல்லாம் இன்பில்ட்டாவே வந்துருது தம்பி, தனியா எதுக்குக் காசைக் கொட்டுற?” அவர் சொன்னது பொய்யில்லை. இன்டெல் 845ஜி சிப்செட் போட்ட மதர்போர்டு அது. உள்ளேயே கிராஃபிக்ஸ் இருந்தது. அதன் பெயர் ‘எக்ஸ்ட்ரீம் கிராஃபிக்ஸ்’! பெயர் வைத்தவர் கண்டிப்பாக அதில் எதையும் விளையாடிப் பார்த்திருக்கமாட்டார்.

என் கணினியில்தான் ஏதோ கோளாறு என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். கோளாறு எதுவும் இல்லை. அது எப்படி ஓட வேண்டும் என்று செய்தார்களோ அப்படித்தான் ஓடியது. ஏன் அப்படிச் செய்தார்கள் என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1996 ஜூனில் ‘குவேக்’ வெளிவந்தபோது திரையின் ஒவ்வொரு புள்ளியையும் கணினியின் மையச் செயலிதான் கணக்குப் போட்டு வரைந்தது. எதிரியின் மூளையும் அதுவே, சுவரின் நிறமும் அதுவே. அதே ஆண்டு 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ கார்டு வந்தது. அது முப்பரிமாணப் படம் மட்டும்தான் போடும். சாதாரணத் திரைக்குப் பழைய கார்டு தனியாக இருக்க வேண்டும். பழைய கார்டிலிருந்து ஒரு கேபிளை வூடூவுக்கு இழுத்து, அங்கிருந்து மானிட்டருக்குக் கொடுப்பார்கள். வூடூவின் 4 எம்பி நினைவகத்தில் 2 எம்பி திரைப்படத்துக்கு, அதாவது திரையில் தெரியப்போகும் படத்துக்கு. மீதி 2 எம்பி சுவர், தரை, தோல் ஆகியவற்றின் மேல் ஒட்டும் டெக்ஸ்சர்களுக்கு. இரண்டுக்கும் தனித்தனிப் பாதை. 1997 ஜனவரியில் இந்த மாதிரிக் கார்டுகளுக்கென்றே ‘ஜிஎல்குவேக்’ வந்தபோது, கட்டம் கட்டமாகத் தெரிந்த சுவர்கள் வழவழப்பாயின. கிராஃபிக்ஸ் கார்டு என்றாலே வேகமான சில்லு என்றுதான் நாம் நினைக்கிறோம். சில்லுக்குப் பக்கத்திலேயே யாரோடும் பங்குபோடத் தேவையில்லாத ஒரு நினைவகம் இருந்தது பாருங்கள், பாதி சூட்சுமம் அதில்தான்.

1999இல் என்விடியாவின் ஜிஃபோர்ஸ் 256 இன்னொரு வேலையையும் செயலியிடமிருந்து பறித்துக்கொண்டது. விளையாட்டில் வரும் உருவங்கள் எல்லாம் முக்கோணங்களால் ஆனவை. கேமரா நகரும்போது ஒவ்வொரு முக்கோணத்தின் முனையும் திரையில் எங்கே விழும், அதன் மேல் எவ்வளவு வெளிச்சம் படும் என்று கணக்கிடுவதுதான் அந்த ‘டி அண்டு எல்’. டிரான்ஸ்ஃபார்ம் அண்டு லைட்டிங். என்னைப் படுத்திய அதே சமாச்சாரம்.

இன்டெல் இந்தக் கதையில் நுழைந்ததும் தனிக் கார்டு வழியாகத்தான். 1998 பிப்ரவரியில் ஐ740 என்ற சில்லைக் கொண்டுவந்தார்கள். ராணுவ விமானப் பயிற்சிக் கருவிகள் செய்த லாக்ஹீட் மார்ட்டினிலிருந்து பிரிந்த ரியல்3டி நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கியது. அப்போது இன்டெல் ஏஜிபி என்ற புதிய இணைப்பு முறையைப் பரப்பிக்கொண்டிருந்தது. கார்டில் எதற்கு விலை உயர்ந்த நினைவகம்? கணினியில்தான் ரேம் இருக்கிறதே, டெக்ஸ்சர்களை அதிலேயே வைத்து ஏஜிபி வழியாக எடுத்துக்கொள்ளலாமே என்பது அவர்கள் வாதம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஏஜிபி பாதையில் நொடிக்கு அதிகபட்சம் 533 எம்பிதான் போகும். முந்தைய ஆண்டே வந்துவிட்ட என்விடியா ரிவா 128இன் சொந்த நினைவகப் பாதையில் 1.6 ஜிபி போகும். பழைய பிசிஐ இணைப்புக்காகச் சிலர் ஐ740இல் கூடுதல் நினைவகம் சேர்த்துக் கார்டு செய்தார்கள். சில சோதனைகளில் அவை ஏஜிபி கார்டுகளையே முந்தின. சொந்தமாகக் கொஞ்சம் இருந்ததால் கடன் கேட்டு அலைய வேண்டியிருக்கவில்லை.

ஐ740 சந்தையில் தோற்றது. தூக்கி எறிந்திருக்கலாம். இன்டெல் எறியவில்லை. 1999இல் வந்த 810 சிப்செட்டுக்குள் அந்தத் தொழில்நுட்பத்தை வைத்தார்கள். கார்டாகத் தோற்றது இன்பில்ட்டாக ஜெயித்தது. அடுத்த பத்தாண்டுகளில் உலகத்திலேயே அதிக எண்ணிக்கையில் கிராஃபிக்ஸ் விற்றது இன்டெல்தான், என்விடியா இல்லை. விற்றது என்று சொல்வதுகூடச் சரியில்லை. யாரும் அதைக் கேட்டு வாங்கவில்லை. மதர்போர்டோடு வந்தது.

இப்போது என் 845ஜிக்கு வருகிறேன். டிஐ 4600ஐயும் 845ஜியையும் அருகருகே வைத்துப் பார்ப்பதில் எனக்கு ஒரு குரூரமான திருப்தி உண்டு. இரண்டும் 2002இல் வந்தவை. ஒன்று 399 டாலர், மற்றது கிட்டத்தட்ட இலவசம். டிஐ 4600இன் 128 எம்பி நினைவகத்திலிருந்து நொடிக்கு 10.4 ஜிபி எடுக்கலாம். 845ஜியில் இருந்த சாதாரண டிடிஆர் 266 ரேமிலிருந்து 2.1 ஜிபி. அந்த 2.1உம் கிராஃபிக்ஸுக்கு முழுசாகக் கிடைக்காது. விண்டோஸ், விளையாட்டின் கணக்குகள், சத்தம் எல்லாம் அதே குழாயில் தண்ணீர் பிடிக்கின்றன. ஒன்றுமே செய்யாமல் 1024க்கு 768 திரையைக் காட்டிக்கொண்டிருப்பதற்கே நொடிக்கு 60 தடவை 3 எம்பி படத்தை ரேமிலிருந்து எடுத்தாக வேண்டும். அதுவே 180 எம்பியைத் தாண்டிவிடும்.

அதனால்தான் நாங்கள் எல்லோரும் திரையளவை 640க்கு 480 என்று குறைத்தோம். புள்ளிகள் குறைந்தால் கடனும் குறையும். கொஞ்சம் வேகம் வரும். ஆனால் நாலு எதிரிகள் ஒன்றாக வந்துவிட்டால் மறுபடி திணறும். அது புள்ளிப் பிரச்சினை இல்லை, முக்கோணப் பிரச்சினை. 845ஜியில் டி அண்டு எல்லுக்கு வன்பொருளே கிடையாது. நான் டிக் போட்டபோதெல்லாம் 3டி அனலைஸ் அந்தக் கணக்கை மையச் செயலியின் தலையில்தான் கட்டியது. 1996இன் குவேக் காலத்துக்கே திரும்பிப்போனது மாதிரி. கார்டு இருப்பதாகச் சொன்ன பொய்க்கு வட்டி கட்டியது பாவம் அந்த செலரான்.

இதில் யார் குற்றவாளி என்று கேட்டால், ஆபீசில் தட்டச்சு செய்பவருக்கு 399 டாலர் கார்டு தேவையில்லை. இன்பில்ட் வந்ததால் கணினி விலை குறைந்தது, அதனால்தான் என் வீட்டுக்கே ஒன்று வந்தது. அதை மறுக்கமாட்டேன். என் கோபம் வேறு இடத்தில். எது முடியாது என்பதை யாரும் பெட்டியில் எழுதவில்லை.

2006இல் இது நீதிமன்றம் வரை போகும் அளவுக்கு முற்றியது. விண்டோஸ் விஸ்டா வருவதற்கு முன்பே ‘விஸ்டா கேப்பபிள்’ என்று ஸ்டிக்கர் ஒட்டிக் கணினிகளை விற்றார்கள். இன்டெல்லின் 915 சிப்செட்டில் இருந்த கிராஃபிக்ஸ், விஸ்டாவின் கண்ணாடி போன்ற ஏரோ திரையைக் காட்டத் தேவையான புதிய டிரைவர் முறைக்குப் பொருந்தாது. முதலில் அந்தத் தகுதியைக் கட்டாயம் என்று வைத்த மைக்ரோசாஃப்ட், பிறகு தளர்த்தியது. 2007இல் அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். அடுத்த ஆண்டு நிறுவனத்தின் உள் மின்னஞ்சல்கள் வெளியாயின. இன்டெல்லின் காலாண்டு வருமானத்துக்கு உதவத்தான் தகுதியைக் குறைத்தோம் என்ற பொருளில் மைக்ரோசாஃப்ட் மேலாளர் ஒருவரே எழுதியிருந்தார். ஒரே வழக்காக எல்லோருக்கும் நிவாரணம் கேட்கும் அனுமதியை 2009இல் நீதிமன்றம் திரும்பப் பெற்றது. வழக்கு பிசுபிசுத்துப்போனது.

தனிக் கார்டு போட்டவர்கள் எல்லாம் தப்பித்தார்கள் என்றும் இல்லை. 2004இல் என்விடியா ‘டர்போகேஷ்’ என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ஜிஃபோர்ஸ் 6200இன் சில வகைகளில் கார்டில் இருப்பது வெறும் 16 அல்லது 32 எம்பி. மிச்சத்தைக் கணினியின் ரேமிலிருந்து எடுத்துக்கொள்ளும். பெட்டியில் பெரிதாக 128 என்று போட்டிருக்கும். தோற்றுப்போன ஐ740இன் யோசனை, பச்சை நிறப் பெட்டிக்குள்.

அப்படியென்றால் ஒரே ரேமைப் பங்குபோடுவதே தப்பா? 2013இல் வந்த பிளேஸ்டேஷன் 4இல் தனிக் கார்டு கிடையாது. செயலியும் கிராஃபிக்ஸும் ஒரே சில்லில் இருந்தன. 8 ஜிபி நினைவகத்தை இரண்டும் பங்குபோட்டுக்கொண்டன. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் அதுவும் இன்பில்ட்தான். ஆனால் அந்த நினைவகம் கார்டுகளில் போடும் ஜிடிடிஆர்5. நொடிக்கு 176 ஜிபி. அதே ஆண்டு இன்டெல்லும் ஐரிஸ் புரோ 5200 என்று ஒன்றை வெளியிட்டது. சில்லுக்குப் பக்கத்திலேயே கிராஃபிக்ஸும் பயன்படுத்திக்கொள்ள 128 எம்பி வேக நினைவகம். எண்ணைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். பதினொரு வருடம் முந்தைய டிஐ 4600இல் இருந்த அதே 128.

இப்போது யாராவது தம்பியோ தங்கையோ லேப்டாப் வாங்குவதற்கு முன் கேட்டால், இன்பில்ட்டா தனிக் கார்டா என்று நான் முதலில் கேட்பதில்லை. ரேம் ஒரு குச்சியா, இரண்டு குச்சியா என்று கேட்கிறேன். தனிக் கார்டு இல்லாத மடிக்கணினியில் ஒரே குச்சி போட்டிருந்தால் கிராஃபிக்ஸுக்கு வரும் பாதை பாதியாகிவிடும். 16 ஜிபி என்று விளம்பரத்தில் பெரிதாக இருக்கும். ஒன்றா இரண்டா என்பதைப் பல நேரம் கடைக்காரரைக் கேட்டு, அவர் திருகைக் கழற்றிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.