வெளியேறும் அனுமதி

எல்லைச் சாவடியில் கடவுச்சீட்டை நீட்டிவிட்டுக் கைகட்டி நிற்பது ஆதிகாலந்தொட்டு வந்த வழக்கம் என்றே நம்மிற் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அது அத்துணைப் பழைய வழக்கமன்று. 1914ஆம் ஆண்டுக்கு முன் மேற்கு ஐரோப்பாவின் பெரும்பாலான எல்லைகளைக் கடவுச்சீட்டு இல்லாமலே கடக்க முடிந்தது. (காலனி நாட்டுத் தொழிலாளி அவ்வாறு நடமாட முடிந்ததா என்பது வேறு கதை.) முதலாம் உலக யுத்தத்தின் சந்தேகத்தோடு வந்த கட்டுப்பாடு, யுத்தம் முடிந்த பின்னும் ஒழியவில்லை. 1920இல் பாரிசில் சர்வதேச சங்கம் கூட்டிய மகாநாடு கடவுச்சீட்டுக்கு ஒரு பொது உருவத்தையும் கொடுத்தது.

அக்கடதாசி ஒரு மனிதனை என்ன பாடு படுத்தும் என்பதற்கு வோல்ட்டர் பென்யமினின் முடிவு சாட்சி. 1892இல் பேர்லினில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்த இவர், மார்க்சிய நோக்கிற் கலை இலக்கியத்தை ஆராய்ந்த விமர்சகர்; நாடகாசிரியர் பிரெக்டின் நண்பர். 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் பாரிசுக்குச் சென்றார். 1939இல் நாஜி அரசு அவரது குடியுரிமையைப் பறித்தது. அதே ஆண்டில் யுத்தம் மூண்டதும், பிரான்ஸ் அவரை ஜேர்மானியர் என்று சொல்லி முகாமில் அடைத்தது! ஜேர்மனி தன்னவரல்லர் என்று தள்ளியவரை, ஜேர்மானியர் என்பதற்காகவே சிறைப்படுத்திய விந்தையை என்னென்பது? நாடற்றவர் என்ற சொல்லின் பொருளை, 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தின் பின் மலையகத் தோட்டங்களில் கண்டவர்கள் நாம். நமக்கு இதில் விளக்கம் வேண்டியதில்லை.

1940 ஜூனில் பிரான்ஸ் வீழ்ந்தது. ஜேர்மனி பெயர் குறித்துக் கேட்கும் ஜேர்மானியரைப் பிரான்ஸ் ஒப்படைக்கவேண்டும் என்றது போர்நிறுத்த உடன்படிக்கையின் 19ஆம் பிரிவு. மார்செய் நகருக்குத் தப்பிச்சென்ற பென்யமினுக்கு, நண்பர்களின் முயற்சியால் அமெரிக்க விசா கிடைத்தது. ஸ்பெயினையும் போர்த்துக்கலையும் கடந்து செல்ல வேண்டிய விசாக்களும் கிடைத்தன. இல்லாதது ஒன்றே: பிரான்சை விட்டு வெளியேறும் அனுமதி. அதற்கு விண்ணப்பிப்பதோ, தம் பெயரைத் தாமே கெஸ்டாப்போவின் காதில் ஓதுவதற்கு ஒப்பானது.

ஆகவே மலைவழியே போகவேண்டியதாயிற்று. செப்டெம்பர் இறுதியில் லீசா ஃபிட்கோ என்ற பாசிச எதிர்ப்புப் போராளி, பென்யமினையும் வேறொரு தாயையும் மகனையும் பிரனீஸ் மலையூடாக அழைத்துச் சென்றார். பாதையைச் சொல்லிக்கொடுத்தவர் பன்யூல்ஸ் என்ற கரையோரச் சிற்றூரின் சோஷலிச நகரபிதா. 1939இன் தொடக்கத்தில், பிராங்கோவிடம் தோற்ற ஸ்பானியக் குடியரசுப் படையினரும் மக்களும் இலட்சக்கணக்கில் இதே மலைகளைத் தாண்டிப் பிரான்சுக்குள் வந்திருந்தார்கள். இரண்டாண்டு கழியுமுன் அகதிகள் எதிர்த்திசையில் ஏறினார்கள். இருதய நோயாளியான பென்யமின், கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம் நடப்பார். ஒரு நிமிடம் நிற்பார். கனத்த கறுப்புத் தோற்பையொன்றையும் உடன் கொண்டுசென்றார். அதிலிருந்த கையெழுத்துப் பிரதி தம் உயிரினும் முக்கியமானது என்று அவர் சொன்னதாக லீசா பின்னர் எழுதினார்.

மலையிறங்கிப் போர்ட்பூ என்ற ஸ்பானிய எல்லை ஊரை அடைந்தபோது, தேசியம் அற்றோரை உள்ளே விடலாகாது என்ற புதிய கட்டளை அவர்களுக்கு முன்னே வந்து காத்திருந்தது. கையிலிருந்த விசாக்கள் செல்லவில்லை. மறுநாள் பிரான்சுக்குத் திருப்பி அனுப்பப்படுவீர்கள் என்று சொல்லி, இரவை விடுதியொன்றிற் கழிக்க மட்டும் விட்டார்கள். பென்யமின் தம்மிடமிருந்த மோர்பின் குளிசைகளை விழுங்கினார் என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட செய்தி. வைத்தியர் எழுதியது மூளை இரத்தப்பெருக்கு என்று. செப்டெம்பர் 26 என்று மரணம் பதியப்பட்டது, வயது 48. உடன் வந்தவர்கள் தொடர்ந்து செல்ல அனுமதிக்கப்பட்டார்கள். சில வாரங்களில் அத்தடையும் நீங்கிற்று. ஒரு நாள் முந்தி வந்திருந்தாற் சிரமமின்றிக் கடந்திருப்பார், ஒரு நாள் பிந்தியிருந்தால் வழி அடைபட்ட செய்தி மார்செய்க்கே எட்டியிருக்கும் என்று, பின்னர் அவ்வழியே தப்பிய ஹன்னா அரென்ட் கணக்கிட்டார். அவர் தேடிய புதைகுழி அவருக்கு அகப்படவில்லை. முன்பெயரும் குடும்பப்பெயரும் இடம் மாறி எழுதப்பட்டமையால், யூதரான பென்யமின் கத்தோலிக்கரின் இடத்திற் புதைக்கப்பட்டிருந்தார்.

உத்தியோகத்தர் மட்டும் தம் கடமையிற் குறை வைக்கவில்லை. இறந்தவரின் உடைமைகளைப் பதிவேட்டில் ஒழுங்காக எழுதினார்கள்: தோற்பை, கடிகாரம், புகைக்குழாய், ஆறு புகைப்படங்கள், மூக்குக்கண்ணாடி, கொஞ்சம் பணம், மார்செயில் அமெரிக்க அதிகாரிகள் கொடுத்த கடவுச்சீட்டு. கூடவே சில தாள்கள். அவற்றில் என்ன எழுதியிருந்தது என்று பதிவில்லை.