காரை விட்டுப் படகில் ஏறிய மோட்டார்

விடியற்காலையில் லாரி ஓட்டுநர் சாவியைத் திருப்பியதும், என்ஜின் உறுமுவதற்கு முன்னால் 'கிர்ர்' என்று ஒரு சத்தம் எழும். அந்தச் சத்தத்துக்குக் காரணம், ஸ்டார்ட்டர் எனப்படும் சிறிய மின்மோட்டார். பாட்டரியிலிருந்து மின்சாரத்தை வாங்கிக்கொண்டு, தூங்கும் என்ஜினைத் தட்டி எழுப்புவது அதன் வேலை. என்ஜின் எழுந்துவிட்டால் அது ஓய்ந்துவிடும்.

இந்த மோட்டார் ஒருநாள் காரை விட்டு இறங்கி, மீன்பிடிப் படகில் ஏறியது. அது எப்படி ஏறியது, ஏறும்போது காரின் எந்தப் பழக்கத்தைக் கரையிலேயே விட்டுவர வேண்டியிருந்தது என்பதுதான் இன்றைய பேச்சு.

மின்சாரத்தால் படகு ஓட்டும் எண்ணம் காரைக் காட்டிலும் வயதில் மூத்தது. 1838ஆம் ஆண்டில், ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில், நேவா ஆற்றில் ஒரு படகு துடுப்பும் பாயும் இல்லாமல் நகர்ந்தது. அதை ஓட்டியவர் ஜெர்மனியில் பிறந்த மோரிட்ஸ் ஹெர்மன் யாக்கோபி என்ற அறிஞர். படகில் ஏறக்குறையப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். செம்பும் துத்தநாகமுமாக 320 சோடித் தகடுகள் திராவகத்தில் நின்று மின்சாரம் தந்தன. வேகமோ மணிக்கு இரண்டரைக் கிலோமீட்டர்தான். நாம் நடக்கும் வேகத்தைவிடக் குறைவு. ஆராய்ச்சிச் செலவை ஏற்றவர் சக்கரவர்த்தி முதலாம் நிக்கலஸ். சக்கரவர்த்தியின் கருவூலம் திறந்தும் இவ்வளவுதான் முடிந்தது என்றால், ஏழை மீனவனுக்கு அது எப்போது எட்டும்?

அடுத்த காட்சி பாரிஸ் நகரம். 1881ஆம் ஆண்டு மே மாதம், குஸ்தாவ் த்ரூவே என்பவர் சேன் ஆற்றில் ஒரு சிறு படகை ஓட்டிக் காட்டினார். அவர் செய்த புதுமை கவனிக்கத் தக்கது. மோட்டாரையும் நீரைத் தள்ளும் சுழல்விசிறியையும் அவர் படகின் வயிற்றுக்குள் பதிக்கவில்லை. பின்புறச் சுக்கானோடு சேர்த்துப் பொருத்தினார். வேண்டும்போது மாட்டலாம், வேலை முடிந்ததும் கையால் தூக்கிக் கழற்றலாம். இன்று படகின் பின்னால் மாட்டும் மோட்டார்களுக்கெல்லாம் அதுவே முன்னோடி.

அதற்குள் பாட்டரியும் திருந்தி வந்தது. 1859இல் பிரெஞ்சுக்காரரான காஸ்தோன் பிளான்டே, ஈயத் தகடுகளைத் திராவகத்தில் வைத்து, மறுபடி மறுபடி மின்னூட்டக் கூடிய பாட்டரியைச் செய்தார். லாரியில் இருக்கும் பாட்டரி அதன் வழிவந்ததுதான். 1893இல் சிகாகோ நகரில் நடந்த உலகக் கண்காட்சியில் 55 மின்படகுகள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களை ஏற்றிச் சென்றன. இனி நீரில் மின்சாரமே ஆளும் என்று பலர் எண்ணியிருப்பார்கள்.

ஆனால் நடந்தது வேறு. 1909இல் ஓலே எவின்ரூட் என்பவர் அமெரிக்காவில் பெட்ரோல் மோட்டாரைப் படகின் பின்னால் மாட்டி விற்கத் தொடங்கினார். ஒரு டின் பெட்ரோல் தரும் ஓட்டத்தைப் பெற வேண்டுமானால், படகு முழுதும் பாட்டரியை அடுக்க வேண்டியிருந்தது. பாரத்தில் மின்சாரம் தோற்றது, பெட்ரோல் வென்றது.

இருந்தாலும் தூண்டில்காரனுக்கு ஒரு குறை தீரவில்லை. தூண்டிலை நீரில் விட்டு, படகை மெல்ல நகர்த்தி, இரையை மீனின் கண்முன்னால் நீந்துவதுபோல் இழுத்துப் போவது ஒரு மீன்பிடி முறை. இதை ஆங்கிலத்தில் டிரோலிங் என்பார்கள். இதற்கு வேகம் வேண்டாம், ஓசையும் கூடாது. பெட்ரோல் மோட்டாரின் இரைச்சல் மீனை விரட்டிவிடும். துடுப்புப் போட்டால் தூண்டிலைப் பிடிக்கக் கையில்லை.

இந்த இடத்தில்தான் ஸ்டார்ட்டர் வருகிறது. 1912இல் சார்லஸ் கெட்டரிங் வகுத்த மின் ஸ்டார்ட்டர் முதன்முதலாகக் காடிலாக் கார்களில் வந்தது. அதுவரை காரின் முன்னால் நின்று இரும்புக் கைப்பிடியைச் சுழற்றித்தான் என்ஜினைக் கிளப்பினார்கள். சில ஆண்டுகளுக்குள் சாதாரணக் கார்களிலும் ஸ்டார்ட்டர் புகுந்தது.

1934ஆம் ஆண்டு. அமெரிக்காவின் வட டகோட்டா மாநிலத்தில் ஃபார்கோ என்ற ஊர். ஓ. ஜி. ஷ்மிட் என்பவர் ஃபோர்டு மாடல் ஏ காரின் ஸ்டார்ட்டரை எடுத்தார். வளையும் தண்டு ஒன்றை அதில் இணைத்தார். தண்டின் முனையில் சுழல்விசிறியைப் பூட்டினார். படகு ஓசையின்றி நகர்ந்தது. பக்கத்து மாநிலம் மினசோட்டா, தம் மாநிலம் டகோட்டா. இரண்டையும் சேர்த்து 'மின் கோட்டா' என்று தம் தொழிலகத்துக்குப் பெயர் வைத்தார். சக்கரவர்த்தியின் பணத்தில் தொடங்கிய கதை, ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து, காரின் சாமானால் சாதாரண மீன்பிடிப்பவன் கைக்கு வந்து சேர்ந்தது.

படகும் இலேசாக வேண்டும் அல்லவா? நம் வீட்டுச் சோற்றுப் பானையாக இருக்கும் அலுமினியம் ஒரு காலத்தில் விலையுயர்ந்த உலோகம். 1886இல் அமெரிக்காவில் சார்லஸ் ஹால், பிரான்சில் போல் ஹெரூ என்ற இரண்டு இளைஞர்கள், ஒருவரை ஒருவர் அறியாமலே, மின்சாரத்தால் அதைப் பிரித்தெடுக்கும் வழியைக் கண்டார்கள். அதன்பின் விலை சரிந்தது. இரண்டாம் உலகப் போரில் விமானங்கள் கட்டிய குரும்மன் நிறுவனம், போர் முடிந்த 1945இல் அலுமினியத்தில் சிறு படகுகள் செய்யத் தொடங்கியது. மரப்படகைச் சுமந்து தோள் வலித்தவர்களுக்கு அது பெரிய உபகாரம்.

மோட்டார் கிடைத்தது, இலேசான படகும் கிடைத்தது. இரண்டையும் இணைக்கும்போதுதான் ஆபத்து ஒன்று ஒளிந்திருக்கிறது.

லாரியில் பாட்டரியின் எதிர்முனைக் கம்பியை எங்கே மாட்டுகிறார்கள் என்று பாருங்கள். வண்டியின் இரும்பு உடம்பில்! வண்டி உடம்பே இரண்டாவது கம்பியாக வேலை செய்கிறது. வண்டி வேலை பார்த்துப் பழகியவர், இதே வழக்கத்தில் அலுமினியப் படகின் உடம்பில் கம்பியை மாட்டினால் என்ன ஆகும்? படகு நீரில் நிற்கிறது. கசியும் மின்சாரம் அலுமினியத்தைச் சிறிது சிறிதாகக் கரைத்து நீரில் விட்டுவிடும். ஒருநாள் ஆற்றின் நடுவில் படகின் அடியில் ஓட்டை தெரியும். ஆகவே பாட்டரியின் இரண்டு முனைகளிலிருந்தும் இரண்டு தனித்தனிக் கம்பிகள் மோட்டாருக்குப் போக வேண்டும். படகின் உடம்பை எதுவும் தொடக் கூடாது.

மின்சாரமே இல்லாவிட்டாலும் இன்னொரு பகை உண்டு. யாக்கோபியின் தகடுகளை நினைத்துப் பாருங்கள். இரண்டு வேறு உலோகங்களும் இடையே ஈரமும் இருந்தால் அதுவே ஒரு மின்கலம். படகின் அடியில் ஒரு செப்புக் காசு விழுந்து ஈரத்தில் கிடந்தால் போதும், காசு தப்பிக்கும், அலுமினியம் அரிக்கும். உப்புநீரில் அரிப்பு இன்னும் விரைவு. இதற்கு மருந்தும் பழையதுதான். 1824இல் இங்கிலாந்தின் ஹம்ப்ரி டேவி, கப்பல்களின் செப்புத் தகட்டைக் காக்க, துத்தநாகத் துண்டையும் இரும்புத் துண்டையும் அதில் பொருத்திப் பார்த்தார். அந்தத் துண்டுகள் தேய்ந்தன, செம்பு பிழைத்தது. அதே முறையில், உப்புநீரில் ஓடும் அலுமினியப் படகுக்கும் மாற்றக் கூடிய ஓர் உலோகத் துண்டைக் காவலாக வைக்கிறார்கள்.

மற்ற வேலைகள் எளியவை. படகின் பின்பலகை மெலிதானால், உறுதியான மரப்பலகை ஒன்றை அணைகொடுத்து அதன்மேல் மோட்டாரை இறுக்க வேண்டும். சுழல்விசிறி நீர்மட்டத்துக்குக் கீழே 9 முதல் 12 அங்குலம் இறங்கி இருக்கட்டும். மேலே இருந்தால் அது நீரைத் தள்ளாமல் காற்றை அள்ளும். கம்பி தடிப்பாக இருக்க வேண்டும். மெல்லிய கம்பி சூடேறும். பாட்டரியின் நேர்முனைக்கு அருகிலேயே ஃபியூஸ் வைக்க வேண்டும். மின்னூட்டும்போது பாட்டரியிலிருந்து தீப்பற்றும் வாயு வரும் என்பதால், அதைக் கரையில், காற்றோட்டமான இடத்தில் செய்வதே நல்லது.

கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். 100 ஆம்பியர்-மணி ஈயப் பாட்டரியில் பாதியைத்தான் செலவிடலாம். அதற்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும். மோட்டார் முழு வேகத்தில் 50 ஆம்பியர் இழுத்தால், ஒரு மணி நேரம்கூட முழுதாக ஓடாது. மெதுவாக, 10 ஆம்பியரில் ஓட்டினால் ஏறக்குறைய ஐந்து மணி நேரம் வரும். லாரிப் பாட்டரி இந்த வேலைக்கு ஏற்றதல்ல. அது சில விநாடிகள் வேகமாகக் கொடுப்பதற்குப் பிறந்தது. நெடுநேரம் நின்று கொடுக்க வேறு வகைப் பாட்டரி உண்டு. எதுவானாலும், திரும்பி வருவதற்கு ஒரு சோடித் துடுப்பைப் படகில் வைக்க மறக்காதீர்கள்.

நேயர்களே, ஷ்மிட் புதிதாக ஒன்றையும் படைக்கவில்லை என்று சிலர் சொல்லக்கூடும். ஸ்டார்ட்டர் கெட்டரிங்குடையது, பாட்டரி பிளான்டேயுடையது, மாட்டிக் கழற்றும் யோசனை த்ரூவேயுடையது. ஆனால், பழைய பொருளுக்கு வேறு வேலையும் தெரியும் என்று கண்டது அவர் கண். அந்தக் கண் நம் பிள்ளைகளுக்கும் வேண்டும். கூடவே இன்னொன்றும் வேண்டும். பொருளைப் புது இடத்துக்குக் கொண்டுபோகும்போது, பழைய இடத்தின் வழக்கம் அங்கே பொருந்துமா என்று ஒரு கேள்வி கேட்க வேண்டும். லாரிக்கு நன்மை செய்த கம்பி படகை மூழ்கடிக்கும். கைவேலை தெரிந்தவனுக்குக் காரணமும் தெரிந்திருந்தால், அந்தப் படகில் ஏறுகிறவர்கள் பத்திரமாக வீடு திரும்புவார்கள்.